ஆள் அடையாளம்

"ஏம்மா, அந்த மனுஷனை அப்புறம் தேடிக்கலாம். முதல்ல என் பொஞ்சாதியைக் கூப்பிடு" என்றார் சடையன்.

அடி அண்ணாமலையில் தொண்டர்கள் போட்டிருந்த பந்தல் அது. வெளியே பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு போனது. மைக் முன்னால் இருந்த மதிவதனி, கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு மறுபடியும் அதையே அறிவித்தாள்.

"நல்ல உயரம். ஏறு நெத்தி. கிருஷ்ணர் நிறம். யானை அசைஞ்சு வர்ற மாதிரி நடப்பாரு. எங்க இருந்தாலும் பந்தலுக்கு வாங்க. உங்க வீட்டம்மா காத்துக்கிட்டிருக்காங்க."

வழியெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டேதான் வந்தார் சடையன். கேட்கக் கேட்க எரிச்சல். அப்பேர்ப்பட்ட மன்மதனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது? அவர் பொஞ்சாதி பாஞ்சாலையோ சர்க்கரை நோய்க்காரி. மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மாத்திரையும் போனும் இவர் பையில். வருண லிங்கத்துக்கிட்டே நெரிசலில் கை விட்டுப் போனவள், எங்கே மயங்கிக் கிடக்கிறாளோ.

"இப்ப சொல்லுங்கய்யா. அவங்க பேரு?"

"பேரை வச்சு யாரு கண்டுபிடிப்பா? மயங்கிக் கிடந்தா அவளா வாயைத் திறந்து சொல்லப்போறா? பாக்கறவங்களுக்குத் தெரியணும். அடையாளத்தைச் சொல்லு."

"சரி, எப்படி இருப்பாங்க?"

"கருப்பு. குட்டை. பல்லு எடுப்பு. முடி கம்மி."

மதிவதனி தயங்கினாள். "கொஞ்சம் நல்லவிதமா எதுனா சொல்லலாமேங்க."

"இது என்ன பொண்ணு பாக்கற இடமா? உள்ளதைச் சொன்னாத்தான் ஆள் கிடைக்கும். அழகுன்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது. கூட்டத்துல நின்னா கண்ணுக்கே தெரிய மாட்டா. அதையும் சேத்துச் சொல்லு. சீக்கிரம்மா, நேரம் ஆவுது."

அவள் அப்படியே சொன்னாள். கிரிவலப் பாதை நெடுகக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அதை ஒன்றுவிடாமல் முழங்கின. சாலையில் யாரோ சிரித்தார்கள். சடையன் எதையும் கவனிக்கவில்லை. போகிற வருகிற பெண்களின் முகங்களையே பார்த்துக்கொண்டு பரிதவித்தார்.

பந்தலின் பின்பக்கத் தட்டி அசைந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள்.

சடையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இடது காலை இழுத்து இழுத்து ஓடினார். வழுக்கைத் தலையிலிருந்து வேர்வை வழிந்து கண்ணை மறைத்தது.

"எங்கடி போன? உயிரே போயிருச்சு எனக்கு" என்று தழுதழுத்தார். பையைத் துழாவி மாத்திரையை எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கி விழுங்கினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மதிவதனிக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மா, நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? போய்ப் படுங்க. உங்க வீட்டுக்காரர் இன்னும் வரலை. வந்ததும் நானே எழுப்பறேன்."

"இவருதாம்மா அவரு" என்றாள் பாஞ்சாலை. "பேரைச் சொல்லக் கூடாதேன்னுதான் அடையாளம் சொன்னேன். அத்தனை வாட்டி கேட்டும் இவருக்குத் தன்னைத் தெரியலை. எனக்கு ஒரு வாட்டியிலயே என்னைத் தெரிஞ்சுபோச்சு."