மாடத்தில் நின்றவர்

"இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஆண்டவன் கண்ணை எதுக்குத்தான் வெச்சானோ! மாடத்துல ஒரு தலைப்பாகை தெரிஞ்சா போதும், 'பாதுஷா வாழ்க'ன்னு தொண்டை கிழியக் கத்துதுங்க. தலைப்பாகைக்குக் கீழே இருக்கிறது யாருன்னு ஒருத்தனாவது பார்க்கிறானா?"

ரம்ஜானி யமுனை மணலில் காறித் துப்பினார்.

ஆக்ரா கோட்டையில் பொழுது விடிந்ததும் பாதுஷா மாடத்துக்கு வந்து தரிசனம் தருவார். அவர் உயிரோடு இருக்கிறார், நாடு பத்திரமாக இருக்கிறது என்பதற்கு ஊருக்கு அதுதான் சாட்சி. அவரைப் பார்க்காமல் வாயில் ஒரு கவளம் வைப்பதில்லை என்று விரதம் பிடித்த கூட்டமே உண்டு. ஆற்றுமணலில் முலாம்பழம் போடும் ரம்ஜானிக்கு அதில் முதல் இடம். இந்த ஊருக்கு வந்த ஆறு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

இப்போது மூன்று நாளாக அவர் பட்டினி.

"சம்பந்தி, சொன்னாக் கேளுங்க" என்றார் தண்ணீர் சுமக்கும் இமாமி. "அதே தலைப்பாகை, அதே முத்துமாலை. வாங்க, ரெண்டு ரொட்டி தின்னுட்டு வரலாம். உங்க பொண்ணு என் வீட்டு அடுப்படியில உக்காந்து ஒப்பாரி வைக்கிறா. நான்தான் அவ அப்பனைப் பட்டினி போட்ட மாதிரி!"

"முத்துமாலையை என் கழுதைக்குப் போட்டாக்கூடத்தான் மின்னும். ஆளைப் பாருங்கய்யா! நம்ம பாதுஷா எப்படி நிப்பாரு? நெஞ்சை நிமித்தி, வலது கையைத் தூக்கி, கடைசி வரிசைக்காரன் வரைக்கும் ஒரு பார்வை. வயிறு அப்பவே ரொம்பிடும். இது தூணுல சாஞ்சுக்கிட்டு நிக்குது. நாலு கொட்டாவி. நாம என்னமோ அது தூக்கத்தைக் கெடுக்க வந்த மாதிரி ஒரு முறைப்பு. ராஜகளைன்னு ஒண்ணு வேணாமா?"

"உடம்பு முடியலையோ என்னவோ..."

"முடியலைன்னா படுக்க வேண்டியதுதானே? ஆளை மாத்தி எதுக்கு நிறுத்தணும்? பாதுஷாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. மூடி மறைக்கிறாங்க."

ரம்ஜானிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. முதல் நாள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். இரண்டாம் நாள் இன்னும் பத்துப் பேர் சாப்பிடாமல் உட்கார்ந்தார்கள். இன்றைக்குத் தானியக் கடைக்காரர்கள் கதவை இழுத்துச் சாத்தத் தொடங்கிவிட்டார்கள். பாதுஷா இல்லை என்ற பேச்சு கிளம்பினால் போதும், மூன்று இளவரசர்களும் மூன்று திசையிலிருந்து படையோடு வந்து இறங்கிவிடுவார்கள்.

ஈட்டிக்காரர்கள் இரண்டு பேர் வருவதைப் பார்த்ததும், இமாமி தண்ணீர்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவினார். ரம்ஜானியை மட்டும் கோட்டைக்குள் கொண்டுபோனார்கள்.

வாசல் அதிகாரி சுல்பிகர் பேக், ஒரு தட்டை அவர் முன்னால் நகர்த்தினார். சுடச்சுட ரொட்டி, ஆட்டுக்கறிக் குழம்பு.

"பெரியவரே, இதை வெளியே கொண்டுபோய் எல்லாரும் பார்க்கச் சாப்பிடுங்க. ஐந்நூறு பேர் உங்க வாயையே பார்த்துக்கிட்டிருக்கான். நீங்க ஒரு வாய் தின்னா அவனவன் கடையைத் திறந்துடுவான்."

வாசனை ரம்ஜானியின் குடலைப் பிடித்து இழுத்தது. தட்டைத் திருப்பித் தள்ளினார்.

"பாதுஷாவைக் காட்டுங்க, தட்டையே தின்னுடுறேன்."

"தலை போயிடும், தெரியுமா?"

"வெட்டுங்க. நான் சொன்னதுதான் நிஜம்னு ஊருக்கு இன்னும் நல்லாத் தெரிஞ்சுடும்."

சுல்பிகர் பேக் பல்லைக் கடித்தார். கிழவன் சொன்னது சரிதான். வேறு வழியில்லாமல் அவரைப் படியேற்றி மாடத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்த் திரையை விலக்கிக் காட்டினார். பத்தடி தூரத்தில், திண்டில் சரிந்து கிடந்தார் அந்த மனிதர். ஒருவன் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"யாருடா அது?" என்று எரிந்து விழுந்தார் அவர். "நாளைக்கும் கோழி கூவுறப்பவே எழுப்புவீங்களா? இன்னும் எத்தனை நாளைக்கு இந்த இழவு?"

மறுபடியும் கீழே வந்ததும் சுல்பிகர் பேக் ஆவலோடு கேட்டார்: "கிட்டக்கப் பார்த்தாச்சா? இப்பவாவது நம்புறீங்களா?"

"தூரத்துல பார்த்தப்பவாவது கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு ஹுஜூர். கிட்டக்கப் பார்த்ததும் அதுவும் போயிடுச்சு. கூத்தாடிப் பயலைப் பிடிச்சு நிறுத்தினாக்கூட இதைவிட நல்லா நிப்பான்."

அதிகாரி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து காவலர்களை வெளியே அனுப்பினார். கதவைத் தாழிட்டார். ரம்ஜானியின் காதருகே குனிந்தார்.

"யோவ் கிழவா, யாரையும் நம்பாத உன்கிட்ட சொல்றதுதான் பத்திரம். கேட்டுக்கோ. நம்ம பாதுஷா விடியற்காலையில எழுந்திருக்கிற ஜாதியே இல்லை. எட்டு வருஷமா மாடத்துல நின்னு உங்களுக்கெல்லாம் தரிசனம் தந்தது என் லாயத்துக் குதிரைக்காரன். அவனுக்குத்தான் மூணு நாளா காய்ச்சல். ஆள் கிடைக்காம, இப்ப வந்து நிக்கிறவருதான்யா அசல் பாதுஷா!"

ரம்ஜானி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். "கொஞ்சமாவது நம்புற மாதிரி புளுகக் கத்துக்குங்க ஹுஜூர்" என்று சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு மணலில் இறங்கி நடந்தார்.