பின்கதவு வழியாக வந்தவர்

அந்த அம்மாள் வாசல் கதவைத் தாழிட்டதும் பாஸ்டர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். பட்டப்பகலில், ஜெபம் செய்ய வந்த ஆளை உள்ளே வைத்து யாராவது தாழ்ப்பாள் போடுவார்களா?

"என் மகன் வந்துடட்டும். அப்புறம் ஜெபம் பண்ணலாம்," என்றாள். மகன் யாரென்று அவர் கேட்கவில்லை. சுவரில் மாட்டிய படத்தில் போலீஸ் உடுப்பில் விறைப்பாக நின்றிருந்தான்.

சபையில் மாற்றல் போட்டபோதே இந்த ஊரா என்று தயங்கினார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

தெருவே மாறிப்போயிருந்ததால் உள்ளே வந்து உட்காரும்வரை வீடு பிடிபடவில்லை. பிறகுதான் சமையலறைப் பின்கதவு கண்ணில் பட்டது. கீழ்ப்பாதியில் வேறு நிறப் பலகை வைத்து ஒட்டுப் போட்டிருந்தது. அதை நெம்பி உடைத்தவர் அவரேதான்.

பதினெட்டு வருடம் ஆகிறது. முன்வாசலில் வெளியே பூட்டுத் தொங்கியது. வீடு காலி என்று நம்பித்தான் பின்பக்கமாகப் புகுந்தார். படுக்கையறைக்குள் போனால், கட்டிலில் இவள் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பூட்டிய வீட்டுக்குள் ஆள் எப்படி என்று யோசிக்க நேரமில்லை. கத்தியைக் காட்டி அதட்டிவிட்டு, பீரோவில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓடினார்.

பிறகு வேறொரு திருட்டில் சிறை. சிறையில் ஒருவர் கொடுத்த வேதாகமம். வெளியே வந்ததும் ஊழியம். ஆனால் சபையில் தன் பழைய வாழ்க்கையைச் சாட்சியாகச் சொல்லும்போதெல்லாம், 'பலவிதமான பாவங்களில் கிடந்தேன்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நழுவிவிடுவார். கத்தியைப் பற்றி மனைவிக்குக்கூடத் தெரியாது. 'என்னைப் போய் எதற்கு ஆண்டவரே எடுத்தீர்?' என்று தனியாக அழுததோடு சரி.

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். "போன ஞாயித்துக்கிழமை உங்க பிரசங்கம் கேட்டேன். எங்கேயோ கேட்ட குரலா இருக்கேன்னு நினைச்சேன். அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

குரலில் என்ன இருக்கிறது, உலகத்தில் ஆயிரம் குரல் என்று சிரித்து மழுப்பிவிடலாம். சாட்சியா, சான்றா? ஒன்றும் கிடையாது.

வெளியே ஜீப் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் படியேறியது.

"நான்தாம்மா அது," என்றார். "இத்தனை வருஷம் மறைச்சுட்டேன். உங்க மகன்கிட்ட நானே சொல்லிடறேன்."

அவள் எழுந்து போய்த் தாழைத் திறந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற மகன், பாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இவர்தானாம்மா?"

அவள் தலையசைத்தாள். பாஸ்டர் எழுந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். விலங்கு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அந்தக் கைகளை மகன் தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டான். விடவே இல்லை.

"கத்தியைக் காட்டி அன்னைக்கு என்கிட்ட ஒண்ணு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் அவள். அவருக்கு ஞாபகம் இருந்தது.

"உயிர் வேணும்னா அசையாதேன்னு சொன்னீங்க." அவள் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அதுவரைக்கும் எனக்கு அது வேண்டாம்னுதான், யாரும் வரக்கூடாதுன்னு வாசலை வெளியே பூட்டிட்டுப் பின்பக்கமா உள்ளே வந்து, கை நிறைய மாத்திரையோட உட்கார்ந்திருந்தேன். நீங்க அப்படிச் சொன்னதும், நான் அசையல."