பெட்டியைத் தொடாதே

குழி வெட்டியவனுக்கு முதுகு இரண்டாய்ப் பிளந்துவிடும் போல் வலித்தது. மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

குழி மேட்டில் சவப்பெட்டி. உள்ளே அம்மா. தலைமாட்டில், சபையில் பிரசங்கம் செய்யும் அண்ணன். கால்மாட்டில், நாத்திகச் சங்கத்தில் பேசும் தம்பி.

“ஜெபம் பண்ணாம புதைச்சா அம்மா நேரா நரகத்துக்குத்தான் போவா!” என்றான் அண்ணன்.

“நீ போய்ப் பார்த்துட்டு வந்தியா? ஒரு வரி ஜெபம் காதுல விழுந்துச்சுன்னா, பெட்டியைத் திருப்பித் தூக்கிட்டுப் போயிடுவேன்” என்றான் தம்பி.

“அம்மா கழுத்துல கிடந்த சிலுவை எங்கடா?”

“கழட்டிட்டேன். நீ மாட்டி விட்டதுதானே?”

“பாவி! பொணத்துகிட்டயே கை வச்சியா?”

“மழை வருது. இறக்கிடலாமா?” என்றான் குழி வெட்டியவன்.

இருவரும் ஒருசேரத் திரும்பினார்கள். “நீ யார் பக்கம்?”

“யார் பக்கமும் இல்ல.”

“அப்போ வாயை மூடு. பெட்டியைத் தொடாதே.” அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது இதில் மட்டும்தான்.

அண்ணன் பாஸ்டரையும் தம்பி சங்கத் தலைவரையும் கூட்டிவர ஆளுக்கொரு திசையில் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. பெட்டி ஊறத் தொடங்கியது.

குழி வெட்டியவன் பலகையைச் சாய்த்து, கயிற்றைப் பிடித்துத் தனியாளாகவே பெட்டியை இறக்கினான். மண்ணைத் தள்ளி மூடினான்.

கல்லறைக் காவலாளி குடையோடு ஓடிவந்தார். “பெத்த பிள்ளைங்க இல்லாம மூடிட்டியே! உனக்கு யாருய்யா அந்த உரிமையைக் கொடுத்தது?”

“நான்தாங்க கடைசிப் பிள்ளை” என்றான்.

காவலாளி குடையை அவன் பக்கம் சாய்த்தார். அழட்டும் என்று காத்து நின்றார். அவனுக்கு அழுகை வரவில்லை.

மூன்று பிள்ளைகளும் அம்மாவுக்கு அழ வேண்டிய அழுகை பாக்கி நின்றது.