லொரேன் தொடாத துப்பாக்கி

சனிக்கிழமை காலை ஒஹையோவில், மாட்டுத்தீவனக் கடையின் பின்னறையில் இருந்தவர்கள்: துப்பாக்கி வகுப்பு எடுக்கும் வர்ஜில், பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் டஸ்டின், ஓய்வுபெற்ற டீச்சர் கிளாடிஸ், லொரேன் என்ற நர்ஸ், அவளுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவன்.

வர்ஜில் குண்டில்லாத கைத்துப்பாக்கி ஒன்றைச் சுற்றுக்கு விட்டார். கையில் வாங்குகிறவர், தனக்கு அது எதற்கு என்று சொல்ல வேண்டும்.

"ரெண்டு தடவை வழிமறிச்சு அடிச்சானுங்க. பீட்சாவையும் விடல," என்றான் டஸ்டின்.

"என் நாயை நரி தூக்கிட்டுப் போச்சு. அடுத்தது நான்தான்," என்றார் கிளாடிஸ்.

"உங்களைத் தூக்க நாலு நரி வேணும் டீச்சர்," என்றான் டஸ்டின்.

தொப்பிக்காரன் துப்பாக்கியை ஆசையாகத் தடவினான். "என் பொண்டாட்டியை எவனும் நெருங்கக் கூடாது. அதுக்குத்தான்." சொல்லிவிட்டு முன்னால் இருந்த லொரேனிடம் நீட்டினான்.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"வாங்கிக்கம்மா, கடிக்காது," என்றார் வர்ஜில்.

"நான் தொட்டா அவன் கைரேகை அழிஞ்சிடும் சார். அந்தப் பொண்டாட்டி நான்தான். என்னை நெருங்கக் கூடாது, துப்பாக்கியைத் தொடக் கூடாதுன்னு அவனுக்குக் கோர்ட் உத்தரவு. சாட்சி இல்லைன்னு மூணு தடவை விட்டுட்டாங்க. எங்க போனாலும் பின்னாலேயே வருவான். அதான், மத்த நாள்ல நீங்க போலீஸ்னு விசாரிச்சுட்டு இந்த வகுப்புல சேர்ந்தேன்."

அவன் எழுவதற்குள் டஸ்டின் வாசலை மறித்தான். வர்ஜில் கைக்குட்டையால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு விலங்கை மாட்டினார். பத்தே நிமிடத்தில் ரோந்துக் கார் வந்தது. அவனை உள்ளே தள்ளி, அதன் பின்கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.