பரவாயில்லை

காதலனின் புதுச் சட்டை முதுகில் இஸ்திரிப் பெட்டியைச் சுடச்சுட வைத்தாள். எடுக்கவில்லை. புகை வரும்வரை பொறுமையாக நின்றாள்.

அந்தச் சலவைக் கடையில் இவள் தேய்ப்பவள், அவன் துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். இரண்டு வருடக் காதல். அவன் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. போன வாரம் அவனுடைய செல்போனைச் சோப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். பரவாயில்லை என்றான். கடையில் அவனுக்குப் பட்டப்பெயரே அதுதான்.

தங்கமான பையன் என்று எல்லாரும் சொன்னார்கள். இவளுக்குத்தான் அதை நம்ப முடியவில்லை. இவள் அப்பாவும் இருபது வருடம் எல்லாவற்றுக்கும் பரவாயில்லை என்றவர். ஒரு நாள் காலையில் துணிப்பெட்டியோடு கிளம்பினார். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார். அப்புறம் வரவேயில்லை.

அவன் வீடு வேறு மாதிரி. அவன் அப்பா வாயைத் திறந்தால் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் ஒருக்காலும் கத்தக்கூடாது என்று பத்து வயதிலேயே முடிவெடுத்தவன் அவன். அதையும் சத்தமில்லாமல் எடுத்ததால் இவளுக்குத் தெரியாது.

இந்தச் சட்டையைக் காலையில் அவனேதான் தேய்க்கக் கொடுத்தான். விலைச் சீட்டுகூடக் கழற்றவில்லை. எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டான். இன்றும் பரவாயில்லை என்றால் இவனோடு சரிப்படாது என்று இவள் முடிவு கட்டியிருந்தாள்.

புகை வாசனைக்கு ஓடி வந்தவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். கருகிய இடத்தை விரலால் தடவினான்.

"பரவா..."

"போதும். இப்படியே சொல்லிட்டு ஒருநாள் நீயும் போயிடுவ. அதுக்கு நானே போயிடறேன்."

பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

"அறிவிருக்கா உனக்கு?"

கடையே திரும்பிப் பார்த்தது. பழக்கமில்லாத தொண்டை, பாதியில் கீச்சென்று உடைந்தது.

"நாளைக்கு உங்கம்மாகிட்ட வந்து பொண்ணு கேக்கறதுக்குன்னு, மூணு கடை ஏறி இறங்கி வாங்கின சட்டை அது!"

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். முகம் வெளிறிப் போயிருந்தது. இவளுக்கோ இரண்டு வருடத்தில் அன்றுதான் மூச்சு சீராக வந்தது.

கல்லாவிலிருந்து கடைக்கார அக்கா எழுந்து வந்தாள். வாடிக்கைக்காரர்கள் நிற்கும் நேரத்தில் என்ன சண்டை என்று கேட்டாள்.

இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சண்டை இல்லக்கா. கல்யாணம் பேசி முடிச்சிட்டோம்."