ஏழாம் கிளையின் கோடு

ஏழு என்று தட்டினாள். திரையில் கிளை எண் கேட்ட பெட்டி மறைந்து அறிக்கை விரிந்தது. மேலே படம், கீழே பட்டியல். படத்தில் சிவப்புக் கோடு ஜனவரியில் நாலாயிரத்தில் கிளம்பி, மாதத்துக்கு ஒரு படியாக இறங்கி, டிசம்பரில் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வந்து படுத்துக் கிடந்தது.

கீழே இருந்த பட்டியலையோ வேறு கிளைகளையோ பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஏழாம் கிளையில்தான் அவள் கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

கம்பெனிக்கு மொத்தம் எட்டு சர்வீஸ் சென்டர்கள். அதில் ஒன்றை மூடப் போவதாக முதலாளி போன வாரமே சொல்லிவிட்டார். மூடுகிற கிளையில் இருப்பவர்களுக்கு வேறு இடம் கிடையாது, அன்றோடு வீடு. எதை மூடுவது என்று முடிவு செய்யத்தான் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவளிடம் இந்த அறிக்கையைக் கேட்டிருந்தார்கள். கிளை எண்ணைத் தட்டினால் அந்தக் கிளைக்கு ஒரு வருடத்தில் மாதாமாதம் வந்த ரிப்பேர்களின் எண்ணிக்கை படமாக வர வேண்டும். இரண்டே நாள் அவகாசம். இன்று மூன்று மணிக்குக் கூட்டம்.

மாடிப்படி வளைவுக்குப் போய் கணவனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, உங்க கிளைதான்.”

“என்னது எங்க கிளைதான்?”

“மூடப் போறது. படம் போட்டுப் பார்த்துட்டேன். கோடு தரையில கிடக்கு.”

“உளறாதே. மாசம் முந்நூறு ஃபிரிட்ஜுக்குக் குறையாம ரிப்பேருக்கு வருது. எனக்கு டீ குடிக்க நேரமில்ல, நீ கோடு கிடக்குங்கற.”

“உங்க டீயை யாரு கேட்டா? நானா கையால வரைஞ்சேன்? கம்ப்யூட்டர்ல வருது.”

ஏற்கெனவே இரண்டு கம்பெனி மூடி நடுத்தெருவில் நின்றவன் அவன். நாற்பத்தாறு வயதில் மூன்றாவது முறையும் நின்றால் கூப்பிட்டு வேலை தர ஆள் இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

“இப்ப என்ன செய்யச் சொல்றே?” குரல் இறங்கியிருந்தது.

“இடம் மாத்திக்குங்க. இன்னைக்கே.”

அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கிளைகளில் ஒரே வேலை பார்ப்பவர்கள் மனமொத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அன்றைக்கே இடம் மாறிக்கொள்ளலாம். மறுபடி மாறத்தான் ஒரு வருடம் ஆக வேண்டும்.

“மூடப் போற இடத்துக்கு எவன்டி வருவான்?”

“தெரிஞ்சாத்தானே வரமாட்டான்.”

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. எவனோ ஒருவன். அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கேயும் ஒருத்தி இருப்பாள். நினைப்பை அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

“பாவம்டி,” என்றான் அவன்.

“ரெண்டு தடவை நாம நின்னப்போ யாரு பாவம்னாங்க? மூணு மணிக்குள்ள முடிங்க.”

மூன்று மணி. கூட்ட அறையின் சுவரில் அறிக்கை விழுந்தது. முதலாளி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ஏழு என்று தட்டினார். கோடு இறங்கியது. உச்சுக்கொட்டிவிட்டு ஐந்து என்று தட்டினார். கோடு இறங்கியது. மூன்று. அதே கோடு, அதே இறக்கம்.

“என்னம்மா இது? எட்டு கிளையும் கையைக் கோத்துக்கிட்டா கிணத்துல குதிச்சுது?”

பக்கத்தில் இருந்த மேலாளர் பெரிதாகச் சிரித்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டுகிற எண் கீழே இருக்கும் பட்டியலுக்கு மட்டும்தான் போகிறது. மேலே இருக்கும் படத்துக்கு அந்த எண்ணைச் சொல்லவே அவசரத்தில் மறந்திருக்கிறாள். எதைத் தட்டினாலும் படம் தன் பாட்டுக்கு எட்டுக் கிளையின் மொத்தக் கணக்கைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

“சார், என் தப்புதான். அஞ்சு நிமிஷம் குடுங்க.”

புரோகிராமில் ஒரே ஒரு வரிதான் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்துவிட்டு, ஏழு என்று தட்டினாள்.

கோடு முந்நூறில் கிளம்பி முந்நூற்று அறுபதுக்கு ஏறி நின்றது. ஐந்து லேசாகச் சரிந்திருந்தது. மூன்று மட்டும் ஆயிரத்து நூறில் ஆரம்பித்து, நாற்பதுக்கு வந்து குப்புற விழுந்திருந்தது.

“கேள்வியே இல்ல. மூணை மூடுங்க,” என்று முதலாளி எழுந்தார். “நாளைக்குக் காலையில அங்க பூட்டு தொங்கணும்.”

ஓட்டமும் நடையுமாக மாடிப்படி வளைவுக்கு வந்தாள். கண்ணில் நீர் முட்டியது. மாறுதல் கடிதம் எழுதியிருந்தால் கிழித்துப் போடச் சொல்ல வேண்டும். அதற்குள் எவன் கிடைத்திருக்கப் போகிறான்? தன்னால் யாருக்கும் கெடுதல் வரவில்லை என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். அவள் வாயைத் திறக்குமுன் முந்திக்கொண்டான்.

“கவலையை விடு. மூணாம் கிளையில ஒரு ஏமாளி சிக்கினான், கையெழுத்துப் போட்டு இடம் மாறியாச்சு!”