மூக்குக்கு ஒரு கமிட்டி

"நுனியை இன்னும் கொஞ்சம் தூக்குங்க டாக்டர். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது பாருங்க" என்றார் அப்பா.

"தூக்கிட்டேன்" என்றார் டாக்டர். அவர் மடியிலிருந்த டேப்லெட்டில் பேனா வழுக்கி ஓடியது. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் பெரிய டிவி. அதில் கிளியின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. எதிர் சோபாவில் அப்பா, அம்மா, அத்தை மூவரும் அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியைப் போட்டுவிட்ட நர்ஸ் எதையோ தேடிக்கொண்டு வெளியே போயிருந்தாள்.

கிளி என்பது ஆறாம் வகுப்பில் மூக்கைப் பார்த்து வைத்த பட்டப்பெயர். இருபத்தாறு வயதாகி, வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்த பிறகும் அது அவளை விடவில்லை. இரண்டு வருஷம் கெஞ்சிக் கூத்தாடி இன்றுதான் வீட்டாரை இங்கே இழுத்து வந்திருக்கிறாள். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். மூன்று பேருக்கும் ஒரே மூக்கு பிடித்தால்தான் ஆபரேஷன். ஒருத்தர் முகம் சுளித்தாலும் பேசாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஜன்னல் திரைக்கு நிறம் முடிவு செய்யவே மூன்று மாதம் சண்டை போட்ட குடும்பம் அது.

"உளி, சுத்தியெல்லாம் வெச்சுத் தட்டுவாங்களாமே?" என்றாள் அம்மா.

"அது பழைய கதைங்க. இப்ப ஒலி அலையிலதான் எலும்பைச் செதுக்குறோம். பக்கத்து நரம்புக்குக்கூடத் தெரியாது. நீங்க இங்க முடிவு பண்ற மூக்கை, மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு பிசகாம அங்க செஞ்சு கொடுத்துடுவேன்."

"அப்படின்னா நடுவுல இருக்கிற அந்த மேட்டைக் குறைங்க."

"அதுல கை வைக்காதீங்க!" அத்தை பாய்ந்தாள். "அது எங்க அப்பா மூக்கு. இதோ, எனக்கும் அதேதான் இருக்கு." உண்மைதான். அத்தைக்கும் கிளிக்கும் ஒரே அச்சில் வார்த்த மூக்கு.

"அதனாலதான் குறைக்கச் சொல்றேன்" என்றாள் அம்மா.

"அரை மில்லிமீட்டர் குறைச்சுப் பாக்கட்டுமா?" என்று டாக்டர் நடுவில் புகுந்தார்.

"ஆங்! இப்ப முகமே தெளிஞ்சுடுச்சு" என்றார் அப்பா.

"எங்க தெளிஞ்சுது? இன்னும் அரை எடுங்க" என்றாள் அம்மா.

"ஐயோ, போதும்! பத்து நாள் காய்ச்சல்ல கிடந்தவ மாதிரி ஆயிட்டா" என்றாள் அத்தை. "வேணும்னா துவாரத்தைச் சின்னதாக்குங்க."

டாக்டர் சின்னதாக்கினார். தூக்கினார். மறுபடி குறைத்தார். முக்கால் மணி நேரம் ஓடிற்று. "இதுக்கு மேலயுமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மூக்குக்குச் சொந்தக்காரி பக்கத்திலேயே இருந்தும் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திடீரென்று அத்தை டிவியை உற்றுப் பார்த்தாள்.

"இப்ப வந்துச்சு பாருங்க. இது மூக்கு! இத்தனை நாளா இவ முகத்துல ஒட்டிக்கிட்டு இருந்ததும் ஒரு மூக்கா?"

அப்பா தலையாட்டினார். அம்மாகூட, "கண்ணு பட்டுடும் போல இருக்கு" என்றாள்.

மூன்று பேருக்கும் பிடித்துவிட்டது! கிளியால் நம்பவே முடியவில்லை. டிவியில் தெரிந்த முகத்தையே பார்த்தாள். தன் முகம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அழுகையே வந்துவிட்டது.

"இதுதான் டாக்டர், எனக்கு இதுதான் வேணும். இதுல ஒரு புள்ளிகூட மாத்திடாதீங்க."

அத்தை மெதுவாகத் தொண்டையைச் செருமினாள். "டாக்டர்... எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு விட முடியுமா?"

டாக்டர் தயங்கினார். "உங்க விருப்பம். எதுக்கும் கடைசியா ஒரு தடவை கிட்டத்துல பாத்துக்குங்க." டேப்லெட்டை அவர்கள் பக்கம் திருப்பினார்.

அதில் கிளியின் முகத்தில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஏதோ ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன கண்றாவி இது!" என்று அம்மா அலறினாள்.

"நீங்க சொல்லச் சொல்ல நான் செஞ்ச மூக்குதாங்க!"

"அப்ப டிவியில இருக்கிறது?" என்றார் அப்பா.

டாக்டர் அப்போதுதான் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். கையில் வயரோடு நர்ஸ் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர், வயர் இப்பதான் கிடைச்சுது. டேப்லெட்டை டிவியோட இன்னும் சேர்க்கவே இல்ல. காலையில இவங்க வந்ததும் நான் எடுத்த போட்டோதான் அதுல அப்படியே நிக்குது."